வாக்குச்சீட்டு எண்: ஒரு திருத்தம்

அண்ணா, கட்சி வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீங்கள் பகிர்ந்த செய்தி, சிங்கப்பூர் வாக்குச்சீட்டில் வரிசை எண் இருப்பதால் யாருக்கு வாக்களித்தோம் என்று அரசாங்கம் பார்த்துவிடும் என்கிறது. அது சரியல்ல. கள்ளச் சீட்டுகளைத் தடுக்கவே அந்த எண். எண்ணி முடித்ததும் சீட்டுகளும், அவற்றைக் கிழித்தபின் மிஞ்சும் அடிக்கட்டைகளும் பெட்டிகளில் முத்திரையிடப்படுகின்றன. வேட்பாளர்களும் தங்கள் முத்திரையை இடலாம். உச்ச நீதிமன்றப் பெட்டகத்தில் 6 மாதம் இருந்த பிறகு எரிக்கப்படுகின்றன. நீதிமன்ற ஆணை இல்லாமல் இடையில் யாரும் திறக்க முடியாது. தேர்தல் துறையின் இணையத்தளத்தில் வாக்கு இரகசியம் பற்றிய பகுதியைப் படித்துப் பாருங்கள்; நாடாளுமன்றத் தேர்தல் சட்டத்தையும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். இதே செய்தியைக் கைப்பேசியில் காட்டி என் அம்மா பயந்து கேட்டார். அதனால்தான் எழுதுகிறேன். தயவுசெய்து அந்தக் குழுவிலும் இதைத் தெரிவித்துவிடுங்கள்.