“நம்ம பையன், ஊருக்கு வா” என்று கத்துவதை நிறுத்துங்கள்

நவம்பர் வந்தால் போதும். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஏதாவது ஒரு பெரிய பல்கலைக்கழகம் தன் தலைமைப் பயிற்சியாளரைத் தூக்கிவிடும். மறுநாளே ரசிகர்கள் ஆரம்பித்துவிடுவார்கள். “அவன் நம்ம பையன், இங்கேயே ஆடினவன், அந்தச் சின்ன காலேஜை எங்கேயோ கொண்டுபோய்ட்டான், கூட்டிட்டு வாங்க!” எதிர்க் கூட்டம், “நல்லா இருக்கிறவனை ஏன் இங்கே இழுத்துக் கெடுக்கணும்?” என்று திருப்பி அடிக்கும். நாள்கணக்கில் நடக்கும் இந்தச் சண்டை முழுவதும் அவர் எந்த ஊரில் பிறந்தார், அப்பா அம்மா வீடு மைதானத்திலிருந்து எத்தனை மைல் என்பதைப் பற்றித்தான். அவர் செய்யப்போகும் வேலையைப் பற்றி இரண்டு பக்கமும் ஒரு கேள்வி கேட்பதில்லை. வயிறு எரிகிறது.

நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் நடந்ததைப் பார்த்த பிறகும் இப்படிப் பேசுகிறார்களே என்பதுதான் தாங்க முடியவில்லை. ஸ்காட் ஃப்ராஸ்ட்டைவிட ஒரு மண்ணின் மைந்தனை யாராலும் காட்ட முடியாது. வுட் ரிவர் என்ற சிற்றூர்க்காரர். நெப்ராஸ்காவின் பயிற்சியாளர் டாம் ஆஸ்பர்னின் கடைசி அணியில், 1997-ல் தேசியப் பட்டம் வென்றபோது, குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர். பயிற்சியாளராக அவர் பொறுப்பேற்ற சென்ட்ரல் ஃப்ளோரிடா, 2015-ல் 12 ஆட்டத்திலும் தோற்ற அணி. 2017-ல் அதே அணி 13-க்கு 13 வென்றது. அந்த டிசம்பரில் நெப்ராஸ்கா அவரை 7 ஆண்டுக்கு 3.5 கோடி டாலர் கொடுத்து அழைத்து வந்தது. மாநிலமே திருவிழாக் கோலம். அப்புறம் என்ன ஆயிற்று? முதல் பருவத்தில் முதல் 6 ஆட்டமும் தோல்வி. மொத்தக் கணக்கு 16 வெற்றி, 31 தோல்வி. ஒரு டச்டவுன் (பந்தை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது) வித்தியாசத்துக்குள், அதாவது அதன்பின் கிடைக்கும் கூடுதல் புள்ளியும் சேர்த்து 8 புள்ளிக்குள், முடிந்த ஆட்டங்களில் மட்டும் 5 வெற்றி, 22 தோல்வி.

இந்த 5–22 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். “துரதிர்ஷ்டம்” என்று இதைத் தள்ளிவிடுகிறவர்களிடம்தான் எனக்குக் கோபம் அதிகம். 2021 பருவத்தை ஆட்டம் ஆட்டமாகப் பிரித்துப் பாருங்கள். 9 தோல்வி, ஒன்றுகூட இரட்டை இலக்க வித்தியாசத்தில் இல்லை. பருவம் முழுக்கக் கூட்டினால் அவர்கள் விட்ட புள்ளிகளைவிட அடித்த புள்ளிகளே அதிகம். அப்படியும் 3–9. ஓட்டை எங்கே? உதைக்கிற இடத்தில். இல்லினாயுடன் முதல் ஆட்டம்: தன் கோல் கோட்டுக்கு இரண்டு கஜம் முன்னால், விட்டிருக்க வேண்டிய பண்ட்டை (எதிரணி தூர உதைத்தனுப்பும் பந்து) பிடித்துக்கொண்டு பின்னால் போய், எதிரணிக்கு 2 புள்ளி தரும் சேஃப்டி கொடுத்தார்கள், அதே ஆட்டத்தில் டச்டவுனுக்குப் பின் ஒரு புள்ளிக்காக உதைக்கும் எக்ஸ்ட்ரா பாயின்ட் இரண்டு தவறியது, 30–22 தோல்வி. ஓக்லஹோமாவுடன்: எக்ஸ்ட்ரா பாயின்ட் உதை தடுக்கப்பட்டது, எதிரணி அதை எடுத்துக்கொண்டு மறுமுனைவரை ஓடி 2 புள்ளி வாங்கியது. வரவேண்டிய 1 போய், எதிரிக்கு 2 சேர்ந்து, ஒரே உதையில் 3 புள்ளி ஊசல். 23–16 தோல்வி. அடுத்த வாரம் மிச்சிகன் ஸ்டேட்: 20–13 என்று முன்னணியில் இருக்கும்போது, நான்கு நிமிடம்கூட மீதியில்லை, தடுப்பவர்கள் எல்லாரும் ஒரு பக்கம் ஓட பண்ட் மறுபக்கம் போனது. எதிரணி அதைப் பிடித்து 62 கஜம் ஓடி டச்டவுன், ஓவர்டைமில் 23–20 தோல்வி.

ஐந்து வாரத்துக்குள் மூன்று ஆட்டம், மூன்றிலும் ஓட்டை ஸ்பெஷல் டீம்ஸ், அதாவது உதைகளைக் கவனிக்கும் பிரிவு. இதற்குக் காரணம் அப்போதே எல்லார் கண்முன்னும் இருந்தது. அந்தக் காலத்து விதிப்படி தலைமைப் பயிற்சியாளர் தவிர 10 உதவியாளர்கள் மட்டுமே களத்தில் இறங்கிக் கற்றுத்தரலாம். அந்தப் பத்தில் ஒரு நாற்காலியை ஸ்பெஷல் டீம்ஸுக்கு மட்டும் ஒதுக்குவதா, வேறு வேலையுடன் சேர்த்து ஒருவர் தலையில் கட்டுவதா என்பது பயிற்சியாளர் எடுக்கவேண்டிய முக்கியமான முடிவுகளில் ஒன்று. நெப்ராஸ்காவில் முழுநேர ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர் வந்தது 2022-ல், ஐந்தாவது பருவத்தில். உங்கள் “நம்ம பையன்” வாதத்தில் இந்த நாற்காலிக்கு எங்கே இடம்?

அந்த 2022-லும் முதல் ஆட்டம் டப்ளினில் நார்த்வெஸ்டர்னுடன். மூன்றாவது கால்பகுதியில் 28–17 முன்னணி. அந்த நேரத்தில் ஆன்சைட் கிக், அதாவது பந்தைக் கொஞ்ச தூரமே உதைத்துத் தாங்களே பிடிக்கப் பார்ப்பது! பின்தங்கிய அணி கடைசி நிமிடங்களில் வேறு வழியில்லாமல் செய்வதை, 11 புள்ளி முன்னணியில் இருக்கும் அணி செய்தது. பந்து எதிரணி கையில், பாதி மைதானம் இலவசம், 31–28 தோல்வி. இரண்டு வாரம் கழித்து லிங்கனில் ஜார்ஜியா சதர்னிடம் 45–42. சொந்த மைதானத்தில் 35 புள்ளியோ அதற்கு மேலோ அடித்த 214 ஆட்டத்தில் ஒன்றுகூட அதற்குமுன் நெப்ராஸ்கா தோற்றதில்லை. மண் மாறவில்லை ஐயா, மைந்தனும் மாறவில்லை.

இன்னொன்று. 1997-ல் இதே மைதானத்தில் இதே ஃப்ராஸ்ட்டைச் சொந்த ரசிகர்களே ஊளையிட்டார்கள், பள்ளி முடித்ததும் முதலில் ஸ்டான்ஃபோர்டுக்குப் போனவர் என்பதற்காகவும் சேர்த்து. ஊர்ப் பாசம் என்று நீங்கள் சொல்வது நான்கு தோல்விவரைதான் தாங்கும். வெளியூர்க்காரர் தோற்றால் வேலை போகும். உள்ளூர்க்காரர் தோற்றால் அவர் குடும்பம் கடைவீதிக்குப் போக முடியாது. அவரை நேசிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள்.

மயாமி பல்கலைக்கழகத்தைச் சொல்லி என்னை மடக்கப் பார்ப்பவர்கள் உண்டு. மாரியோ கிறிஸ்டோபால் மயாமியில் பிறந்து, மயாமிக்கு ஆடி, 1989, 1991 பட்டங்களை வென்ற அணியில் இருந்தவர். 2021 டிசம்பரில் அங்கேயே தலைமைப் பயிற்சியாளராக 10 ஆண்டு, 8 கோடி டாலர் ஒப்பந்தம். சரி, முதல் இரண்டு பருவம் என்ன? 5–7, 7–6. 2023 அக்டோபரில் ஜார்ஜியா டெக்குடன் 20–17 முன்னணி, எதிரணியிடம் கடிகாரத்தை நிறுத்தும் டைம்அவுட் ஒன்றும் இல்லை, மீதி சுமார் அரை நிமிடம். ஒரு நகர்வுக்கும் அடுத்ததற்கும் இடையே எடுத்துக்கொள்ளலாம் 40 நொடி. குவார்ட்டர்பேக் பந்தோடு ஒரு தடவை முழங்கால் போட்டு நேரத்தைக் கடத்தினால் ஆட்டம் முடிந்தது. ஓடவிட்டார்கள், பந்து நழுவியது, ஒரு நொடி மீதியிருக்கும்போது டச்டவுன், 23–20 தோல்வி. இதில் ஆத்திரம் என்னவென்றால், 2018-ல் ஆரிகனில் பயிற்சியாளராக இருக்கும்போதே ஸ்டான்ஃபோர்டுடன் ஏறக்குறைய இதே மாதிரி, வென்ற ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் ஓடவிட்டுப் பந்தை இழந்து தோற்றிருந்தார். அந்த ஆட்டம் வீடியோவில் கிடந்தது. பிறந்த ஆஸ்பத்திரியைத் தேடிய ரசிகர்கள் அதைத் தேடவில்லை.

பிறகு அவர் மேலேறினார், 2025 பருவத்தில் தேசியப் பட்டத்துக்கான இறுதி ஆட்டம்வரை போனார், மறுக்கவில்லை. 2024-ல் வாஷிங்டன் ஸ்டேட்டிலிருந்து கேம் வார்டு, அடுத்த ஆண்டு ஜார்ஜியாவிலிருந்து கார்சன் பெக் என்று வெளியிலிருந்து குவார்ட்டர்பேக்குகளைப் பிடித்து வந்ததற்கு அதில் பெரும்பங்கு. அதற்குப் பணமும் நிர்வாகமும் வேண்டும், ஊர்ப்பெயர் போதாது. அந்த இறுதியில் வென்றது இண்டியானா. அதன் பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி பிட்ஸ்பர்க்காரர், அங்கே வெளியூர்க்காரர். முன்பு இருந்த ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து தன் உதவியாளர்களையும் பத்துக்கு மேற்பட்ட ஆட்டக்காரர்களையும் கையோடு கூட்டிவந்தவர்.

2018-ல் லூயிவில் பல்கலைக்கழகம் கூப்பிட்டபோது “இப்போது வரமாட்டேன்” என்று, தான் பயிற்சி தந்துகொண்டிருந்த பர்டூவிலேயே தங்கிய ஜெஃப் ப்ரோமை உள்ளூரில் எத்தனை பேர் ஏசினார்கள்! அவர் லூயிவில்காரர், அங்கேயே குவார்ட்டர்பேக். பர்டூவை 2021-ல் 9 வெற்றிக்கும், 2022-ல் பிரிவுப் பட்டத்துக்கும் கொண்டுபோய்விட்டு, அதன் பிறகுதான் வந்தார். முதல் பருவமே 10 வெற்றி. ஏசினவர்கள் யாரும் அந்த நான்கு வருடத்துக்கு மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

கத்த வேண்டுமா? கேட்க வேண்டியதைக் கேட்டுக் கத்துங்கள். உதவியாளர் சம்பளத்துக்கு மொத்தம் எவ்வளவு? 2025–26-ல் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பகிர அனுமதித்த சுமார் 2.05 கோடி டாலரில் ஃபுட்பாலுக்கு எத்தனை? 105 பேர் கொண்ட அணியில் எத்தனை பேர் தங்குவார்கள்? டிசம்பர் முதல் வாரம் பள்ளி மாணவர் கல்லூரியில் சேரக் கையெழுத்து, ஜனவரியில் ஆட்டக்காரர்கள் கல்லூரி மாறும் டிரான்ஸ்ஃபர் சாளரம் வெறும் இரண்டு வாரம். புதியவர் எந்தத் தேதிக்குள் நாற்காலியில் உட்காருவார்?

எல்லாவற்றுக்கும் மேல், ஒப்பந்தத்தைப் பாருங்கள். நடுவில் நீக்கினால் எவ்வளவு தரவேண்டும், அது எந்தத் தேதியில் குறையும், அவர் வேறு வேலைக்குப் போனால் அந்தச் சம்பளம் கழியுமா என்பதெல்லாம் அதில் இருக்கும். “இவர்தான் வேண்டும், வேறு யாரும் வேண்டாம்” என்று ஒரு லட்சம் பேர் கத்தும்போது அந்த மேசையில் பேரம் பேச நிர்வாகத்திடம் ஒன்றும் மிஞ்சாது. பயிற்சியாளரின் ஏஜென்ட் உங்கள் கூச்சலைத்தான் விலையாக எழுதிக்கொள்கிறார். ஃப்ராஸ்ட்டை நெப்ராஸ்கா நீக்கியது 2022 செப்டம்பர் 11. தரவேண்டிய தொகை 1.5 கோடி டாலர். அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் அது பாதியாகியிருக்கும். 20 நாள்கூடப் பொறுக்க முடியாத அளவுக்கு ஊர் கொதித்தது, 75 லட்சம் டாலர் போயிற்று. அந்தக் கொதிப்பில் இருந்தவர்களில் எத்தனை பேர், ஐந்து வருடத்துக்கு முன் அவரை ஊருக்கு வா என்று கூப்பிட்டவர்கள்?