கோலம் போட்ட பாட்டி குடித்திருந்தாரா?

இல்லை. குடிக்கவில்லை. மூன்றாவது முறையாகச் சொல்கிறேன், குடிக்கவில்லை.

இன்று மதியம் 1.38க்கு டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு வாய் தயிர் சாதம்தான் வைத்தேன். கம்ப்யூட்டரில் இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து சிவப்பாக ஒரு குவரி, அதாவது விளக்கம் கேட்டு ஒரு கேள்வி, வந்து உட்கார்ந்தது. ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருப்பவர்களுக்கு அந்தச் சிவப்பைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். மூடியைப் போட்டுவிட்டுப் படித்தேன். நோயாளி கீழே விழுந்தபோது மது அருந்தியிருந்தாரா என்பதை டாக்டர் கையெழுத்து, முத்திரையோடு உறுதிப்படுத்த வேண்டுமாம்.

நோயாளிக்கு வயது 71. ஊர் கடலூர் மஞ்சக்குப்பம். மார்கழி மாதம், விடியற்காலை ஐந்து மணி. வாசல் தெளித்து, 15-க்கு 8 ஊடுபுள்ளி வைத்துக் கோலத்தை முடித்துவிட்டு, நடுவில் வைக்கப் பூசணிப்பூ எடுத்துவர எழுந்திருக்கிறார். ஈரப் படியில் கால் வழுக்கி இடுப்பெலும்பு போய்விட்டது. அவ்வளவுதான் கதை.

15-க்கு 8 போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காபி குடிக்காமல் போட்டாலே நாலாவது வரிசையில் புள்ளி தப்பும். குடித்தவர் போட்டால் அது கெடிலம் ஆறு மாதிரி வளைந்து வளைந்து எங்கேயோ போய்ச் சேரும். பாட்டியின் கோலத்தைப் பேரன் செல்போனில் எடுத்து வைத்திருக்கிறான். ஒரு புள்ளி பிசகவில்லை. அந்தப் போட்டோவையே அனுப்பித் தொலைக்கலாம் என்று கை துடித்தது. அதற்கும் முத்திரை கேட்பார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், முதல் நாள் அனுப்புகிற ப்ரீ-ஆத், அதாவது முன் அனுமதிப் படிவத்திலேயே காயம் மதுவால் ஏற்பட்டதா என்று ஒரு கட்டம் இருக்கிறது. 'இல்லை' என்று டிக் போட்டுத்தான் அனுப்பினோம். அன்றைக்கே குவரியாக வந்தது, ஆர்த்தோ, அதாவது எலும்பு டாக்டர் லெட்டர் கொடுத்தார். இன்று டிஸ்சார்ஜ், மறுபடியும் அதே கேள்வி. எனக்கு ஒரு சந்தேகம். ஆஸ்பத்திரி முகவரியில் புதுச்சேரி என்று இருக்கிறதல்லவா? அதைப் பார்த்ததுமே அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத் தெருவுக்கு நாலு ஒயின்ஷாப் கண்ணில் தெரிந்திருக்கும். புதுச்சேரி என்றால் மாரடைப்புக்கும் மதுதான், மாடு முட்டினாலும் மதுதான். பாட்டி விழுந்தது கடலூரில், தமிழ்நாட்டுக் கணக்கில் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களோ என்னவோ.

மணிக் கணக்கைச் சொல்கிறேன், கேளுங்கள். காலை 10.42க்கு ஃபைனல் பில், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, எல்லாவற்றையும் ஏற்றியாகிவிட்டது. 2024 மே மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு சுற்றறிக்கை விட்டது. கேஷ்லெஸ், அதாவது நோயாளி கையிலிருந்து கட்டாமல் கம்பெனியே ஆஸ்பத்திரிக்குக் கட்டும் வசதி கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் பதில், டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி. அதைத் தாண்டினால் ஆகிற கூடுதல் செலவு இன்சூரன்ஸ் கம்பெனியின் தலையில். படித்த அன்றைக்கு நான் சக ஊழியர்களுக்கு மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். அந்த முப்பது ரூபாயை யாராவது திருப்பித் தந்தால் தேவலை. 10.42க்கு அனுப்பியதற்கு 1.38க்குக் குவரி. கூட்டிப் பாருங்கள், இரண்டு மணி ஐம்பத்தாறு நிமிடம். பரீட்சை ஹாலில் கடைசி மணி அடிக்கும்போது அடிஷனல் பேப்பர் கேட்கிற மாணவன் மாதிரி. குவரி போட்டுவிட்டால் கடிகாரம் நின்றுவிடுமாம், பதில் போனபிறகு புதிதாக ஓடுமாம். அந்தக் கூடுதல் செலவுப் பணத்தைக் கம்பெனியிடம் வாங்கிய புண்ணியவான் யாராவது இருந்தால் சொல்லுங்கள், காலில் விழுகிறேன்.

லெட்டருக்காக ஓடினேன். டாக்டர் தியேட்டரில். வெளியே வந்தவர் குவரியைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "ஏம்மா, நேத்து முந்தாநாள் எழுதிக் கொடுத்தது என்னாச்சு?" நான் என்ன சொல்வேன்? கேள்வி கேட்பவர் பதிலைப் படிப்பதில்லை சார், பதிலைப் படிப்பவர் கேள்வி கேட்டவர் இல்லை சார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். எழுதிக் கொடுத்தார். முத்திரை, தேதி, ஸ்கேன். ஃபைல் ஐந்து எம்.பி.க்கு மேல் இருக்கிறது என்று கம்பெனியின் போர்ட்டல் துப்பியது. சுருக்கினேன். எழுத்து தெளிவாக இல்லை என்று மறுபடி துப்பியது. 2.25க்கு ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தது.

5.14க்கு அடுத்த குவரி. இம்ப்ளாண்ட் ஸ்டிக்கர், அதாவது இடுப்பில் வைத்த பொருளின் பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டு வேண்டுமாம். காலையில் அனுப்பிய ஃபைலில் பதினொன்றாம் பக்கம் முழுக்க ஸ்டிக்கர்தான். போனில் கூப்பிட்டேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு பெண் பதினெட்டு நிமிடம் இசையோடு சொன்னாள். பிறகு வந்தவர் இந்தியில் ஆரம்பித்து, ஆங்கிலத்துக்கு மாறி, கேஸ் மெடிக்கல் டீமில் இருக்கிறது மேடம் என்றார். பதினொன்றாம் பக்கத்தைப் பாருங்கள் என்றேன். "அப்லோட் பண்ணிடுங்க மேடம்." அதான் இருக்கே சார். "அப்லோட் பண்ணிடுங்க மேடம்." பண்ணினேன். அந்த ஒரு பக்கத்தை மட்டும் தனியாக, பெரிதாக, சிவப்பு வட்டம் போட்டு.

முதல் நாள் குவரி இன்னொன்று இருக்கிறது, அதையும் சொல்லாவிட்டால் இன்று தூக்கம் வராது. பாட்டிக்குச் சர்க்கரை உண்டு. முதன்முதலில் சர்க்கரை கண்டுபிடித்த டாக்டர் சீட்டு வேண்டுமாம். சர்க்கரை இருக்கிறது என்று பாலிசி எடுக்கும்போதே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தராமல் கம்பெனி காக்க வைக்கும் காலம் இப்போது அதிகபட்சம் மூன்று வருடம்தான், இந்தப் பாலிசிக்கு வயது ஒன்பது. ஈரப் படிக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்பதையும் விட்டுவிடுவோம். சீட்டு எங்கே என்று பாட்டியின் மகனைக் கேட்டேன். "தானே புயல்ல ஓடே பறந்துடுச்சு மேடம், நீங்க சீட்டைக் கேக்குறீங்க." 2011 டிசம்பர் 30ஆம் தேதி கடலூரில் இருந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நான் இதை எந்தக் கட்டத்தில் டைப் செய்வது? 'ஆவணம் வங்கக் கடலில்' என்றா?

இதற்கெல்லாம் அடி வாங்குவது யார்? கம்பெனிக்கு முகம் கிடையாது. எனக்கு இருக்கிறது, அதுவும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், பெயர்ப் பலகையோடு. அந்த மகன் காலையில் "மேடம்" என்றார், மதியம் "என்னங்க" என்றார், ஆறு மணிக்கு "நீங்கல்லாம் சேர்ந்துதான் ஆட்டம் போடுறீங்க" என்றார். கோபப்படவும் முடியவில்லை. எங்கள் ஆஸ்பத்திரி ஒன்றும் உத்தமர் கிடையாது. இன்சூரன்ஸ் இருக்கிறது என்று தெரிந்தால் பில்லில் பஞ்சு எத்தனை உருண்டை ஏறும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பஞ்சு உருண்டைக்காகப் பாட்டியைச் சக்கர நாற்காலியில் ஒன்பது மணி நேரம் உட்கார வைப்பதா?

7.51க்கு அப்ரூவல் வந்தது. வெட்டுப்பட்டு. மூன்று லட்சம் பாலிசி, அறை வாடகைக்கு வரம்பு அதில் ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 3,000. இவர்கள் எடுத்தது 4,000 ரூபாய் அறை. வெஸ்டர்ன் டாய்லெட் ஒட்டியபடி இருந்தது அதில்தான், இடுப்பு ஆபரேஷன் ஆனவரை வேறெங்கே உட்கார வைப்பது? "அந்த ஆயிரத்தை நான் கட்டிடறேன்" என்றார் மகன். ஆயிரத்தோடு நின்றால்தான் பரவாயில்லையே. அறை வாடகையில் நாலில் ஒரு பங்கு வரம்பைத் தாண்டிவிட்டது என்று டாக்டர் கட்டணத்திலும், தியேட்டர் கட்டணத்திலும், மயக்க மருந்து டாக்டர் கட்டணத்திலும் அதே நாலில் ஒரு பங்கை உருவிவிடுவார்கள். இதை விளக்குகிற வேலையும் எனக்கே. பாலிசி விற்ற ஏஜென்ட் இதைச் சொல்லவில்லையா என்று கேட்டேன். அவர் காலண்டர் கொடுத்தார் என்றார்.

அப்புறம் பாட்டி கூப்பிட்டார். பக்கத்தில் போனேன். "ஏன் கண்ணு, நான் குடிச்சிருந்தேனான்னு கேட்டாங்களாமே?" மகன் சொல்லியிருக்கிறார் போல. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பாட்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை, தையல் வலிக்கிறது என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "அவரு இருந்தவரைக்கும் ஒருநாள்கூட என்னை யாரும் இப்படிக் கேட்டதில்ல, அவரைத்தான் ஊரே கேக்கும்." நானும் சிரித்துவிட்டேன். செக்யூரிட்டி அண்ணன் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

சரி, அத்தோடு வீட்டுக்குப் போகலாம் என்று பஸ் ஏறினால், கடலூர் பஸ் "இதோ எடுத்துடலாம், இதோ எடுத்துடலாம்" என்று இருபத்தைந்து நிமிடம் இன்ஜினை மட்டும் உறுமிக்கொண்டு நின்றது. அதைக்கூட விடுங்கள். ஐந்து ரூபாய் சில்லறை பாக்கி என்று டிக்கெட்டுக்குப் பின்னால் கிறுக்கிக் கொடுத்தாரே கண்டக்டர், அதை அரியாங்குப்பத்தில் கேட்டேன், இறங்கும்போது என்றார். கன்னியக்கோயிலில் கேட்டேன், இறங்கும்போது என்றார். ஆல்பேட்டை தாண்டியதும் நீட்டினேன். வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என் கையெழுத்தா?" என்கிறார்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது, டிபன் பாக்ஸை மேஜையிலேயே விட்டுவிட்டேன். மதியத் தயிர் சாதம். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு.