“நீங்க எந்த டிபார்ட்மென்ட்?”

“உங்க டிகிரி மெக்கானிக்கல். பேப்பர் எல்லாம் எலும்பைப் பத்தி. அப்ப நீங்க எந்த டிபார்ட்மென்ட்?”

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு வேலைக்கான நேர்காணலில் என்னிடம் கேட்ட கேள்வி இது. இளங்கலை, முதுகலை, முனைவர் பட்டம் மூன்றும் ஒரே துறையில் இருக்க வேண்டும் என்று விதியைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். அது போகட்டும், எனக்கு வேறு இடம் கிடைத்தது. போன மாதம் என் மாணவி ஒருத்தி இதே சென்னையில் இன்னொரு நேர்காணலுக்குப் போய்விட்டு வந்தாள். அதே கேள்வி, கிட்டத்தட்ட அதே வார்த்தைகள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மனதில் இருப்பதை எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெக்கானிக்கல் முடித்ததும் நாலு வருடம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் இருந்தேன். ஒரு பாகத்தைக் கம்ப்யூட்டரில் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிப்போம். இதை மெஷ் போடுவது என்போம். பிறகு சுமை ஏறும்போது ஒவ்வொரு துண்டுக்குள்ளும் எவ்வளவு ஸ்ட்ரெஸ், அதாவது உள் அழுத்தம், வருகிறது என்று கணக்கிடுவோம். முடிவு வண்ணப் படமாக வரும். சிவப்பு என்றால் அங்கே உடையலாம். நீலம் என்றால் கவலை இல்லை. படத்தில் நீலம் பரவியிருந்தால் அன்று சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்.

அந்தப் பழக்கத்தோடுதான் ஆராய்ச்சிக்கு வந்தேன். எடுத்துக்கொண்டது இடுப்பு மூட்டு மாற்று. தொடை எலும்புக்குள் இறக்கும் உலோகத் தண்டு எவ்வளவு தாங்கும் என்று பார்க்க வேண்டும். சி.டி. ஸ்கேனிலிருந்து எலும்பின் வடிவத்தை எடுத்தேன், மெஷ் போட்டேன், ஓட்டினேன். தண்டைச் சுற்றியிருந்த எலும்பு முழுக்க அழகான நீலம். பிரிண்ட் எடுத்துக்கொண்டு, எங்களுக்கு ஆலோசகராக இருந்த எலும்பு மருத்துவரைப் பார்க்கப் போனேன். ஓ.பி. முடியும்வரை வராந்தாவில் காத்திருந்து காட்டினேன்.

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். தண்டின் மேல்பக்கத்து நீலத்தில் விரலை வைத்தார். “தம்பி, எனக்குப் பயமே இந்த இடத்துலதான்” என்றார்.

எனக்குப் புரியவில்லை. மேசை டிராயரிலிருந்து இரண்டு எக்ஸ்ரே பிலிம்களை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒன்று ஆபரேஷன் முடிந்த வாரம் எடுத்தது, மற்றது அதே நோயாளிக்குப் பத்து வருடம் கழித்து எடுத்தது. முதல் பிலிமில் தண்டின் இரண்டு பக்கமும் எலும்பு வெள்ளையாக, தடிமனாக இருந்தது. இரண்டாவதில் அதே இடம் சாம்பல் பூத்து, ஈர்க்குச்சி மாதிரி மெலிந்திருந்தது. “இரும்புக்கு வேலை இல்லேன்னா சும்மா கெடக்கும். எலும்புக்கு வேலை இல்லேன்னா அது தன்னையே கரைச்சுக்கும்.”

கணக்கு எளிமையானது. தொடை எலும்பின் கெட்டியான பகுதியின் விறைப்பு நீளவாக்கில் சுமார் 17 கிகாபாஸ்கல் (விறைப்பை அளக்கும் அலகு), குறுக்குவாக்கில் அதைவிடக் குறைவு. டைட்டானியம் கலவை 110 பக்கம், ஸ்டீல் 200 பக்கம். பக்கத்தில் அவ்வளவு விறைப்பான பொருளை வைத்தால் சுமையை அதுவே வாங்கிக்கொள்ளும். சுமை வராத எலும்பு மெலியும். விண்வெளிக்குப் போகிறவர்களின் இடுப்பு எலும்பு மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கும் மேல் அடர்த்தி இழப்பதும் இதனால்தான். சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்ளும் என்று ஜெர்மன் அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892இலேயே எழுதிவிட்டார். நான் எலும்புக்கு ஒரே ஒரு எண்ணைப் போட்டு, காலமே நகராத பொருளாக வைத்திருந்தேன். என் சாஃப்ட்வேரில் தவறில்லை, சமன்பாட்டில் தவறில்லை. கேட்ட கேள்விதான் தவறு.

அதற்கப்புறம் பதினாலு மாதம் செவ்வாய்க்கிழமைதோறும் அவருடைய ஓ.பி.யில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். சில நாள் ஆபரேஷன் தியேட்டருக்குள்ளும் விட்டார். தண்டை உள்ளே அடித்து இறக்கும்போது சுத்தியல் சத்தம் மாறும். அந்த மாற்றத்தைக் கேட்டுத்தான் அடிப்பதை நிறுத்துவார். நோயாளிகள் மாடிப்படி ஏறுவதைப் பற்றி, தரையில் சம்மணம் போட முடியாததைப் பற்றி, கழிவறையைப் பற்றிப் பேசுவார்கள். என் மாடலில் அதுவரை இருந்தது சமதரையில் நடக்கும் மனிதர் மட்டும்தான். அந்தப் பதினாலு மாதத்தில் ஒரு பேப்பர்கூட வரவில்லை. ஆண்டறிக்கையில் ‘வெளியீடுகள்’ என்ற கட்டத்துக்கு எதிரே சுழியம் போட்டேன். உதவித்தொகை நீட்டிப்பு மூன்று மாதம் நின்றது. வீட்டில் அப்போது கைக்குழந்தை. இன்று நான் செய்யும் எல்லா வேலைக்கும் அடித்தளம் அந்தச் சுழியம் போட்ட வருடம்தான்.

இதைத்தான் சொல்ல வந்தேன். பொறியியலுக்கும் உயிரியலுக்கும் நடுவில் கம்ப்யூட்டரை வைத்து வேலை செய்கிறவருக்கு அடுத்த துறையில் மாணவராக உட்காரும் காலம் வேண்டும். அந்தக் காலத்தை வேலை என்று கணக்கில் எடுக்க நம் கல்வி நிறுவனங்களில் ஒரு கட்டம்கூட இல்லை.

இந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. படிப்பின் ஒரு பாகமாக, சி.டி. படம் எப்படி உருவாகிறது என்று மேட்லாப் என்ற கணக்கு சாஃப்ட்வேரில் செய்து பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தைத் தெளிவாக்கும் கணக்கு முறையான ஃபில்டரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் முதல் பெயர் ‘ராம்-லாக்’. ஏதோ வெளிநாட்டுப் பெயர் என்று நினைத்துத் தேடினேன். ராமச்சந்திரன், லட்சுமிநாராயணன்! 1971இல் இருவரும் எழுதிய கட்டுரை, எக்ஸ்ரே கணக்கிலிருந்து உள்படத்தை மீட்டெடுப்பதைச் சுலபமாக்கியது. அதே ஜி.என். ராமச்சந்திரன்தான் 1954இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து, கொலாஜன் என்ற புரதம் மூன்று இழை பின்னிய வடிவம் என்று சொன்னவர். ஆராய்வதற்கான கொலாஜன் கிடைத்தது நம் அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில். தோலில் உள்ள அதே கொலாஜன்தான் எலும்புக்கும் எளிதில் உடையாத உறுதியைத் தருகிறது. ஆக, என் எலும்பு மாடலுக்கு வடிவம் தந்த ஸ்கேன் கணக்கிலும் அவர் இருக்கிறார், அந்த எலும்பின் நார்களிலும் அவர் இருக்கிறார். அவர் வேலை செய்த கிண்டி பக்கம் எத்தனை வருடம் பஸ்ஸில் போயிருப்பேன், இது தெரியாமலே!

அவர் 1942இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முதலில் சேர்ந்தது எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங். சி.வி. ராமன்தான் இயற்பியலுக்கு இழுத்துக்கொண்டார். 1952இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவரை இயற்பியல் பேராசிரியராக அழைத்தபோது முப்பது வயதுகூட ஆகவில்லை. அப்போது துணைவேந்தராக இருந்தவர் லட்சுமணசாமி முதலியார், மகப்பேறு மருத்துவர். ஒரு மருத்துவர் தலைமையில் இருந்த பல்கலைக்கழகத்தில், இயற்பியல் துறைக்கு வந்த இளைஞர் புரதத்தை ஆராய்ந்தார். ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரோடு 1963இல் அவர் வெளியிட்ட ராமச்சந்திரன் வரைபடத்தை வைத்துத்தான் இன்றும் உலகம் முழுக்கப் புரத வடிவங்களைச் சரிபார்க்கிறார்கள். இன்றைய விளம்பரத்தில் உள்ள விதியை வைத்துப் பார்த்தால் அவருடைய விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் நிற்கும் என்று யோசிக்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

ஏ.ஐ. வந்துவிட்டதே, இன்னும் எதற்கு ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும் என்று இளையவர்கள் கேட்கிறார்கள். புரத வடிவத்தைக் கணிக்கும் ஏ.ஐ.யான ஆல்ஃபாஃபோல்டை உருவாக்கியவர்களுக்கு 2024இல் நோபல் கிடைத்தது, நியாயமான பரிசு. அது கற்றுக்கொண்டது எதிலிருந்து? 1971இல் வெறும் ஏழு வடிவங்களோடு தொடங்கிய புரதத் தரவு வங்கியிலிருந்து. ஐம்பது வருடம் படிகம் வளர்த்து, எக்ஸ்ரே பாய்ச்சி, ஒவ்வொன்றாகச் சேர்த்தவர்களின் உழைப்பு அது. என் மாணவி செய்கிற வேலையிலும் அப்படித்தான். மெலிந்த எலும்பின் பிலிமை அந்த மருத்துவர் இருபது வருடம் டிராயரில் சேர்த்து வைக்காமல் இருந்தால், எந்த மாடலுக்கும் கற்றுக்கொள்ள ஒன்றும் இருந்திருக்காது.

பிளஸ் ஒன் சேர்க்கை நேரம் என்பதால் பெற்றோர்களும் இன்பாக்ஸில் கேட்கிறீர்கள், பயோ-மேத்ஸா, கம்ப்யூட்டர் சயின்ஸா என்று. என் அபிப்பிராயம்: எதை எடுத்தாலும் கணக்கை விடாதீர்கள். இளங்கலையில் ஏதாவது ஒன்றை ஆழமாகப் படிக்கட்டும். பெயரில் நாலு துறையை ஒட்டவைத்த புது கோர்ஸ்களைப் பார்த்து மயங்க வேண்டாம். பாடத்திட்டத்தில் எத்தனை மணி நேரம் உண்மையான லேப் என்று கேளுங்கள். மற்றதை இருபத்தைந்து வயதிலும் கற்றுக்கொள்ளலாம். நான் உடற்கூறியல் புத்தகத்தை முதன்முதலாகத் திறந்தபோது எனக்கு இருபத்தேழு.

என் மாணவி இப்போது அதே மருத்துவரின் ஓ.பி.யில் செவ்வாய்க்கிழமை உட்காருகிறாள். அவருக்கு வயதாகிவிட்டது, ஆனால் டிராயர் அதேதான். அந்த மணி நேரங்களை அவளுடைய ஆராய்ச்சிப் பணியாகப் பதிவு செய்ய வேண்டும் என்று எங்கள் நிர்வாகத்துக்கு இரண்டு முறை கடிதம் கொடுத்தேன். ‘எந்தத் தலைப்பின் கீழ்?’ என்று குறிப்பு எழுதித் திரும்பி வந்தது. நேற்று உட்கார்ந்து மூன்றாவது கடிதம் எழுதினேன். தலைப்பையும் நானே எழுதிவிட்டேன்: ‘நோயாளிகளிடமும் மருத்துவரிடமும் கற்றல், வாரம் ஆறு மணி நேரம்’. திங்கட்கிழமை நேரிலேயே கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன்.