ஸ்வீட் டீயும் தேங்காய் கேக்கும்

2002 ஆகஸ்ட். அட்லாண்டாவில் வந்து இறங்கிய முதல் வாரம். ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து டீ கேட்டேன். செம்பு அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் டம்ளர், அதில் பாதிக்கு ஐஸ் கட்டி, மீதிக்குக் கருந்தேன் நிறத்தில் தண்ணீர், விளிம்பில் எலுமிச்சைத் துண்டு. ஒரு வாய் குடித்தேன். குலாப் ஜாமூன் ஜீரா தோற்றுவிடும். மாற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று நினைத்து, "சூடான டீ" என்றேன். பரிமாறிய அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உடம்புக்கு முடியலையா கண்ணு?" என்று கேட்டார். இந்தப் பக்கத்தில் டீ என்றால் ஸ்வீட் டீதான். சுடச்சுட டீ குடிப்பவன் சளி பிடித்தவன்.

அமெரிக்கா என்றால் பர்கரும் பீட்சாவும் என்று நினைத்து வந்தவனுக்கு இந்தத் தெற்குச் சீமை வேறு மாதிரி இருந்தது. வெண்டைக்காய் சாப்பிடுகிறார்கள். தட்டப்பயறை அவித்துச் சோற்றோடு சாப்பிடுகிறார்கள். சோளத்தை ரவையாக உடைத்துக் கஞ்சி காய்ச்சி கிரிட்ஸ் என்கிறார்கள். ஊரைத் தாண்டிக் காரில் போனால் ரோட்டோரம் அண்டா வைத்து அவித்த கடலை விற்கிறார்கள், தொலியோடு, உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட. கோவில் கொடைக்கு வந்த மாதிரி இருந்தது எனக்கு. வெண்டைக்காயும் தட்டப்பயறும் ஆப்பிரிக்காவிலிருந்து, அடிமைகளாகப் பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்களோடு இங்கே வந்து சேர்ந்தவை என்பது பின்னால்தான் தெரிந்தது.

இங்கே 'மீட் அண்ட் த்ரீ' என்று ஒரு சங்கதி உண்டு. ஒரு கறி, மூன்று தொடுகறி, கூடவே ஒரு துண்டு சோள ரொட்டி. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வரிசையில் நின்றால் கரண்டியும் கையுமாக நிற்பவர் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டே வருவார். நம் ஊர் மெஸ்ஸேதான். என்ன, மெக்கரோனியில் சீஸ் போட்டுக் கிண்டியதையும் காய்கறி என்று போர்டில் எழுதி வைத்திருப்பார்கள். அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. அப்புறம் இன்னொன்று, சைவக்காரர்கள் உஷாராக இருக்க வேண்டும். என்னோடு படித்த நண்பன் ஒருவன், முட்டைகூடத் தொடாதவன், ஒரு கடையில் கீரை ரொம்பப் பிரமாதம் என்று இரண்டாம் தடவை வாங்கினான். மூன்றாவது வாயில் பன்றித் துடை எலும்பு வந்தது. அதன்பிறகு ஒரு மாதம் அவன் தயிர்சாதத்தைத் தவிர வேறு எதையும் நம்பவில்லை.

நான் படித்தது ஜார்ஜியா டெக்கில். டெக்கில் படித்த எவனுக்கும் நார்த் அவென்யூ பாலத்தைத் தாண்டினால் இருக்கும் தி வர்சிட்டி என்கிற சாப்பாட்டுக் கடையைப் பற்றிச் சொல்ல ஒரு கதை இருக்கும். டெக்கில் படிப்பைப் பாதியில் விட்ட ஃபிராங்க் கார்டி என்பவர் 1928-ல் ஆரம்பித்தது. கவுண்டரை நெருங்கும்போதே "வாட்டில் யா ஹாவ்?" என்று ஒரு குரல் வந்து விழும். பதிலைத் தயாராக வைத்திருக்காவிட்டால் பின்னால் நிற்கிறவர்கள் முறைப்பார்கள். சில்லி டாக், வெங்காய வளையம், ஃப்ராஸ்டட் ஆரஞ்சு. பேப்பர் தொப்பி ஒன்று கொடுப்பார்கள். தின்றபிறகு மூன்று மணிநேரம் வயிறு கல்லு மாதிரி இருக்கும், அடுத்த வாரம் திரும்பவும் போவோம். ருசி என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை என்பதுதான் என் கருத்து. ஆனால் பரீட்சை முடிந்த ராத்திரி, கையில் ஏழு டாலர் இருக்கும்போது, அதைப் போல ஒரு கடை கிடையாது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் ஒரு தேங்காய் கேக்.

வேலைக்குச் சேர்ந்த புதிது, 2006 வாக்கில். ஆபீஸில் யாருக்கோ பிறந்தநாள். மேலே துருவல் பூப் போலத் தூவிய வெள்ளைத் தேங்காய் கேக் வந்தது. ஓய்வு பெறப் போகிற வயதில் இரண்டு பெண்மணிகள் எங்கள் குழுவில் இருந்தார்கள். ஒருவர் வெள்ளைக்காரர், இன்னொருவர் கறுப்பினத்தவர். வெள்ளைக்கார அம்மா ஒரு துண்டை வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். "ரிச்ஸ் கடை மாடியில் மேக்னோலியா ரூம். அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டுப் போவேன். வெள்ளைக் கையுறை போட்டுவிடுவாங்க. அங்க தர்ற தேங்காய் கேக் இருக்கே..." என்று ஆரம்பித்துப் பத்து நிமிடம் பேசினார். அட்லாண்டாவின் பழைய ஆட்களிடம் ரிச்ஸ் என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள், இப்படித்தான் கண் மூடும். ஊரின் பெரிய ஜவுளிக்கடை அது, சென்னைக்காரர்களுக்கு ஸ்பென்ஸர் மாதிரி.

மற்றவர் தன் துண்டை நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பேச்சு ஓய்ந்ததும், "நாங்களும் ரிச்ஸ்லதான் துணி எடுப்போம். எங்கம்மாவுக்கு அங்க கணக்குகூட இருந்தது. மாடியில கேக் இருக்குன்னு கேள்விப்பட்டதோட சரி" என்றார். குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. ஃபோர்க்கால் தட்டில் ஒட்டியிருந்த துருவலை வழித்துத் தின்றுவிட்டு, "நல்ல கேக்" என்றார். வெள்ளைக்கார அம்மா முகம் சிவந்து, பிறகு ஒன்றும் சொல்லாமல் அவர் தட்டில் இன்னொரு துண்டு வைத்தார்.

அன்று ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தேன். அதே மேக்னோலியா ரூமில் 1960 அக்டோபர் 19 அன்று கறுப்பின மாணவர்களோடு மார்ட்டின் லூதர் கிங்கும் போய்ச் சாப்பாடு கேட்டிருக்கிறார். பரிமாற மறுத்து, போலீஸைக் கூப்பிட்டுக் கைது செய்தார்கள். ஜனாதிபதி தேர்தலுக்கு மூன்று வாரம்கூட இல்லாத நேரம். ஜான் கென்னடி கிங்கின் மனைவிக்கு ஃபோன் செய்து ஆறுதல் சொன்னதும், கறுப்பின வாக்குகள் அவர் பக்கம் சாய்ந்ததும் அந்தக் கைதின் தொடர்ச்சிதான். மறுவருடம் ரிச்ஸ் இறங்கி வந்தது.

இரண்டு வாரம் கழித்து அந்தக் கறுப்பின அம்மாவே என்னை மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார். "நீ சாப்பிட வேண்டிய இடம் வேற இருக்கு" என்று பாஸ்கல்ஸுக்கு. அந்தக் கதையை அவர் சொல்லித்தான் கேட்க வேண்டும். ஜேம்ஸ், ராபர்ட் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர், 1947-ல் ஹண்டர் தெருவில் ஒரு சின்ன சாண்ட்விச் கடை போட்டார்கள். கடையில் அடுப்பு கிடையாது. வீட்டில் கோழியைப் பொரித்துக் கடைக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு பேரிடமும் கார் கிடையாது. அதனால் கோழி டாக்ஸியில் வரும். மத்தியானம் கடைவாசலில் டாக்ஸி வந்து நிற்கும்போது தெருவே மணந்திருக்கும் இல்லையா? பத்துப் பன்னிரண்டு வருடத்தில் எதிர்ப்பக்கம் பெரிய ஹோட்டலே கட்டினார்கள். கிங், ஆண்ட்ரூ யங், ஜான் லூயிஸ் என்று கறுப்பின உரிமைப் போராட்டக்காரர்கள் எல்லாரும் கூடிப் பேசிய இடம் அது. மறியலில் கைதாகி வெளியே வரும் பிள்ளைகளுக்கும் அவர்களுக்காகக் காத்துக் கிடக்கும் பெற்றோருக்கும் எந்நேரமானாலும் அங்கே இலவசச் சாப்பாடு. ஹண்டர் தெருவுக்கு இப்போது மார்ட்டின் லூதர் கிங் பெயர். கடை 2002-ல் காசில்பெரி ஹில் பக்கம் இடம் மாறிவிட்டது. நான் தின்றது அந்தப் புது இடத்தில்தான். தோல் முறுமுறு என்று, உள்ளே சாறு வழிய, உப்பும் மிளகும் அளவாக. நாட்டுக்கோழி வறுவலுக்குப் பழகிய என் நாக்கே வாயை மூடிக்கொண்டது.

அதே 1947-ல் அதே ஹண்டர் தெருவில் லூசி ஜாக்சன் என்கிற பெண்மணி திறந்தது பிஸி பீ கஃபே. இன்றும் இருக்கிறது. 2022-ல் ஜேம்ஸ் பியர்ட் விருது வந்தது, அமெரிக்காவில் சமையலுக்குத் தரும் பெரிய விருது அது. மறுவருடம் நல்ல ஹோட்டல்களைப் பொறுக்கிச் சொல்லும் மிஷலின் பட்டியலிலும் பெயர் வந்தது. எழுபத்தைந்து வருடம் கழித்து.

1947-ல் கோழி வறுக்க ஆரம்பித்த மூன்றாவது கடை ஒன்றும் உண்டு. பெயர் பிக்ரிக், முதலாளி லெஸ்டர் மேடக்ஸ். டெக் பக்கத்தில் ஹெம்ஃபில் அவென்யூவில். விலை சல்லிசு, கூட்டம் நெரியும், கோழி நன்றாகவே இருக்கும் என்றுதான் சொல்கிறார்கள். 1964 ஜூலை 2 அன்று, கறுப்பினத்தவருக்கு ஹோட்டலில் இடம் மறுக்கக் கூடாது என்கிற சிவில் உரிமைச் சட்டம் கையெழுத்தானது. மறுநாள் மூன்று கறுப்பின இளைஞர்கள் பிக்ரிக்குக்குச் சாப்பிடப் போனார்கள். மேடக்ஸ் கையில் துப்பாக்கியோடு வந்து விரட்டினார். அவரோடு நின்றவர்கள் கையில் பிக்காசுக் காம்பு. அந்தக் காம்பை அப்புறம் நினைவுப்பொருளாக விற்கவும் செய்தார்கள். கோர்ட் உத்தரவு வந்தபிறகும், பரிமாறுவதைவிடக் கடையைச் சாத்துவது மேல் என்று சாத்தியேவிட்டார். 1967-ல் அந்த மனிதர் ஜார்ஜியாவின் கவர்னர்.

எனக்கு உறைத்தது இதற்குப் பிறகுதான். கடையை மூடியதும் அந்தக் கட்டிடத்தை வாங்கியது ஜார்ஜியா டெக். 2009-ல்தான் இடித்தார்கள். அதாவது நான் படித்த இரண்டு வருடமும் அது அங்கேதான் நின்றது. தோளில் பையோடு அதைத் தாண்டி எத்தனை முறை போயிருப்பேன்! பசியோடு தாண்டியிருப்பேன். ஒன்றும் தெரியாது.

அதனால்தான் யாராவது "அந்தக் காலத்து ஹோட்டல் மாதிரி வருமா" என்று ஆரம்பித்தால் எனக்கு இப்போது பாதி சந்தோஷமும் பாதி நெருடலும். ருசியைச் சொல்லுங்கள், வாசனையைச் சொல்லுங்கள், கேட்க ஆசைதான். ஆனால் உள்ளே உட்கார யாரை விட்டார்கள் என்பதை விட்டுவிட்டுச் சொன்னால் அது கதையில் பாதி. அமெரிக்காக்காரனுக்கு மட்டும் சொல்லவில்லை. பெயர்ப்பலகையில் 'பிராமணாள்' என்ற எழுத்தை அழிக்கச் சொல்லிப் பெரியாரின் கட்சிக்காரர்கள் திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டல் வாசலில் மறியல் செய்தது 1957-ல். மேக்னோலியா ரூமுக்கு மூன்று வருடம் முன்னால். டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்ததும் நம் ஊரில்தான். எங்கள் தாத்தா "அந்தக் காலத்து காபி கிளப்பு" என்று சொல்லிச் சொல்லி உருகுவார். அந்த கிளப்பில் யார் திண்ணையில் நின்று குடித்தார்கள் என்று நான் அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

நம் ஆட்கள் மேல் எனக்கு இன்னொரு மனத்தாங்கல். இந்த ஊரில் இருபது வருடம் இருப்பார்கள், சனிக்கிழமை ஆனால் டிகேட்டர் பட்டேல் பிளாசா, தோசை, ஒரு மூட்டை பொன்னி, வீடு. ரொம்ப மிஞ்சினால் பியூஃபர்ட் ஹைவேயில் வியட்நாம் சூப். தோசையை நான் குறை சொல்லவில்லை, நானும்தான் தின்கிறேன். ஆனால் இந்த ஊர்க்காரன் சமைத்த கீரையை ஒருதடவை தொட்டுப் பார்க்காமல் "இவனுங்களுக்கு சாப்பாடே தெரியாது" என்று சொல்வது ஓவர்.

கீரை என்றதும் ஞாபகம் வருகிறது. கொலார்ட் கீரையை மணிக்கணக்கில் வேகவைத்த தண்ணீரை இங்கே கொட்டமாட்டார்கள். பாட் லிக்கர் என்று பெயர். சோள ரொட்டியைப் பிய்த்து அதில் முக்கித் தின்பது பழக்கம். பான்ஸ் டி லியோன் அவென்யூவில் 1945-ல் தொடங்கிய மேரி மேக்ஸ் டீ ரூமில், முதல்முறை வருகிறவர்களுக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் அதை இலவசமாகக் கொடுப்பார்கள். ஆர்டரை நாமே பென்சிலால் எழுதித் தர வேண்டும், பழைய லைப்ரரி சீட்டு மாதிரி.

போன வருடம் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுப் பக்கத்திலுள்ள சின்னக் கடை ஒன்றுக்குக் கூட்டிப் போனேன். கீரையில் பன்றி இல்லை, வான்கோழிதான் என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். சர்ச் முடிந்து வந்த கூட்டம், தலையில் பெரிய பெரிய தொப்பியோடு பாட்டிமார்கள். பக்கத்து மேஜைப் பாட்டி அம்மாவின் சேலையைப் பார்த்து "பியூட்டிஃபுல்" என்றார். அம்மா அவர் தொப்பியைக் காட்டித் தலையை ஆட்டினாள். கிரிட்ஸை ஓரமாக ஒதுக்கினாள், ஸ்வீட் டீயை என் பக்கம் தள்ளினாள். கீரைத் தண்ணீரை மட்டும் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்துவிட்டு, கீழே வைத்து, கொஞ்சநேரம் யோசித்தாள்.

"ஏலே, நல்லாத்தான் இருக்கு. ரெண்டு பல்லு பூண்டைத் தட்டிப் போட்டிருக்கலாம்லா? அந்த அம்மாட்ட சொல்லு."

சொன்னேன். பரிமாறியவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "எங்கம்மாவும் இதையேதான் சொல்றாங்க" என்றார்.