எம்பொண்ணுங்களுக்கு இனிமே யாரும் ஒரே மாதிரி துணி எடுக்காதீங்க

தீபாவளி வருதுன்னாலே எனக்கு வயித்தெரிச்சல் ஆரம்பிச்சிருது. செலவுக்காக இல்ல, மதுரை விளக்குத்தூண் ஜவுளிக்கடைக் கூட்டத்துல இடிபடணுமேன்னும் இல்ல. எங்க வீட்டு ரெட்டைப் பொண்ணுங்களுக்கு யாரு துணி எடுத்தாலும் ஒரே டிசைன்ல ஒரே கலர்ல ரெண்டு எடுத்துட்டு வந்து, அதை உடனே போட்டுவிட்டு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வச்சு போட்டோ எடுத்தே ஆகணும்னு நிக்கிறாங்க பாருங்க, அதுக்காகத்தான். மாமியார், நாத்தனா, எங்க சித்தி, எதிர்வீட்டு அக்கா, யாரும் விதிவிலக்கு இல்ல. நான் வேற வேற போட்டுவிட்டுக் கூட்டிட்டுப் போனா அங்க எனக்குத்தான் கேள்வி. "ஏத்தா, சாமி குடுத்த ரெட்டைப் புள்ளை, இப்படி ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம போட்டு விட்டுருக்க, பாக்க அம்சமாவா இருக்கு?" யாரு பாக்கறதுக்கு அம்சமா இருக்கணும், அதைச் சொல்லுங்க மொதல்ல.

ஒருத்திக்கு நெட்டு துணி ஆகவே ஆகாது. அந்த கேன்கேன் வச்சு குடை மாதிரி விரியுற பிராக்கு இருக்கே, அது அவ கழுத்துலயும் அக்குள்லயும் உரசி உரசி சிவந்து தடிச்சு, மதுரை வெயிலுக்கு வேர்க்குருவும் சேர்ந்து, ராத்திரி பூரா சொறிஞ்சுக்கிட்டே கெடப்பா. அவளுக்கு காட்டன் டவுசரும் லூசா ஒரு டீசர்ட்டும் போதும், ஓடணும் ஏறணும் குதிக்கணும். இன்னொருத்திக்கு அதே பிராக்குன்னா உசுரு, சுத்தி சுத்தி ஆடி அது விரியறதைப் பாத்தே அரை மணி நேரம் சந்தோஷமா இருப்பா. இப்ப ஒரே மாதிரிதான் போடணும்னா என்ன பண்றது? யாராவது ஒருத்தி அழணும். அவ சொறியணும், இல்லன்னா இவ ஆசைப்பட்டதை விடணும். ஒரு போட்டோவுக்காக ஒரு புள்ளை நாள் பூரா கஷ்டப்படணும்னு சொல்றதுக்கு எப்படி மனசு வருதுன்னு எனக்கு நெசமாவே புரியல, அதுலயும் சொல்றவங்க எல்லாம் அந்தப் புள்ளைங்க மேல உசுரா இருக்கறவங்க, அதான் ஆத்திரமா வருது.

கடைக்குப் போனா அது தனிக் கொடுமை. ஒரே முகமா இருக்கறதை சேல்ஸ்ல நிக்கிற பொண்ணு பாத்துட்டா போதும், "அக்கா ரெட்டையா, இருங்க இருங்க" அப்படின்னுட்டு நான் கேட்டதை விட்டுட்டு ஜோடி ஜோடியா எடுத்துப் போட ஆரம்பிச்சிருவாங்க. அதுல ஒரு டிசைன்ல அதே சைஸ்ல ரெண்டு பீஸ் இருக்காது, ஒண்ணு இருக்கும், இன்னொண்ணு ஒரு சைஸ் பெருசா இருக்கும், "வளர்ற புள்ளைதானக்கா, உள்ள மடிச்சு தச்சுக்கங்க"ன்னு தலையில கட்டப் பாப்பாங்க, இல்லன்னா குடோன்ல பாக்கறேன்னு மேல ஏறிப் போன பையன் வரவே மாட்டான். இவ்வளவுக்கும் நடுவுல அந்த ரெண்டு புள்ளைங்களும் அங்கதான் நிக்கிதுங்க, ஆளுக்கு ஒண்ணைக் கையில புடிச்சுக்கிட்டு இதுதான் வேணும்னு சொல்லிக்கிட்டே இருக்குதுங்க, ஒருத்தரும் காதுல வாங்கறதில்ல.

பொறந்தப்ப என்ன பாடு பட்டோம் தெரியுமா. ஒரே கருமுட்டை ரெண்டா பிரிஞ்சு வந்ததுங்க, அப்படியே உரிச்சு வச்ச மாதிரி இருந்துச்சுங்க, எது எதுன்னு தெரியாம போயிருமோன்னு ஒருத்திக்கு அரைஞாண் கயிறு கருப்பு, இன்னொருத்திக்கு சிவப்பு. திருஷ்டிப் பொட்டு கூட ஒருத்திக்கு வலது கன்னத்துல, இன்னொருத்திக்கு இடது கன்னத்துல. இதெல்லாம் பண்ணது என் மாமியார்தான். பால் குடிச்சதுக்கே திருப்பிக் குடுத்துறக் கூடாது, ஊசி போட்டதுக்கே மறுபடி போட்டுறக் கூடாதுன்னு அவ்வளவு கவனமா பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தவங்க. அதே மனுசி இப்ப அடையாளமே தெரியக் கூடாதுன்னு ஒரே மாதிரி மாட்டி விடச் சொல்றாங்க. இப்ப மட்டும் குழப்பம் வராதா என்ன? போன கோடையில ஒரு விசேஷ வீட்டுல ஒருத்திக்கு காய்ச்சல், ரெண்டு பேருக்கும் ஒரே மஞ்ச கலர் கவுனு, நான் வாசல்ல யாரையோ வரவேற்க நின்ன நேரத்துல உறவுல ஒருத்தங்க பாசமா காய்ச்சல் சிரப்பை எடுத்து நல்லா இருக்கற புள்ளை வாயில ஊத்தப் போயிட்டாங்க. அவளே "நான் இல்ல, அவ"ன்னு கத்தி ஓடி வந்தா. வாய் பேசத் தெரிஞ்ச புள்ளை, தப்பிச்சா.

மண்டபத்துல ஒரே கலர் போட்டா கண்டுபிடிக்க ஈசின்னு சொல்றாங்க. அதுதான் ஆபத்துங்கறேன். கூட்டத்துக்குள்ள அந்த ரோஸ் கலர் ஒரு தடவ ஓடும், அடுத்த நிமிசம் இன்னொரு பக்கம் ஓடும், ஆங் ரெண்டும் இங்கதான் இருக்குன்னு மனசு நிம்மதியாயிரும், ஆனா ரெண்டு தடவையும் ஓடினது ஒரே புள்ளையா இருக்கும், இன்னொண்ணு படியிறங்கி ரோட்டுக்குப் போயிருக்கும். வேற வேற கலர் போட்டிருந்தா பச்சையைக் காணோம்னு உடனே தெரியும். ரெட்டைப் புள்ளை வளக்கற எந்த அம்மாகிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

இதை விட எனக்கு வலிக்கறது என்னன்னா பேரு. யாரும் அதுங்களைப் பேரு சொல்லிக் கூப்பிடறதில்ல. "ஏய் ட்வின்ஸ் இங்க வாங்க", "ரெட்டைங்க வந்துருச்சு". எது எதுன்னு தெரியாததால ரெண்டையும் சேத்தே கூப்பிடறாங்க, சேத்தே கொஞ்சறாங்க, சேத்தே திட்டறாங்க. ஸ்கூல்ல வாரம் பூரா யூனிபார்ம், ஒரே ரெட்டை ஜடை, ஒரே ரிப்பன், அது எல்லாருக்கும் உள்ள சட்டம், நான் எதுவும் சொல்லல. அங்க இவ வீட்டுப்பாடம் எழுதலன்னு அவ திட்டு வாங்கிட்டு வந்து அழுதிருக்கா. அந்த ரெண்டு நாளு லீவுலயும் விசேஷத்துலயும் தான் அதுங்க தனித்தனி ஆளா தெரியறதுக்கே ஒரு வழி இருக்கு, அதையும் நீங்க புடுங்கிட்டா அதுங்க எப்பதான் தான் யாருன்னு காட்டறது? 5 வயசு ஆனதும் ஆதாருக்கு கைரேகை எடுக்கக் கூட்டிட்டுப் போனோம். ஒரே கரு ரெண்டா பிரிஞ்ச புள்ளைங்களுக்கும் கைரேகை வேற வேறதான், கருவிழியும் வேறதான், மெசினு அதுங்களைத் தனித்தனி ஆளா பதிஞ்சு தனித்தனி நம்பர் குடுத்து வச்சிருக்கு. அப்பா கூடப் பொறந்த அத்தைக்கு அப்படிப் பிரிச்சுப் பாக்க வரமாட்டேங்குது.

இதுல இப்ப ரீல்ஸ் வேற. ஒரே டிரெஸ், ஒரே கண்ணாடி, ஒரே ஸ்டெப்பு, "மதினி ஒரே ஒரு வீடியோ, லைக்ஸ் அள்ளும்"னு நாத்தனா. நான் சொன்ன ஒரே பதில் கனடா கதை. 1934ல ஒண்டாரியோவுல ஒரே பிரசவத்துல அஞ்சு பொம்பளப் புள்ளைங்க பொறந்துச்சுங்க, டியோன் சகோதரிங்கன்னு பேரு. அரசாங்கமே பெத்தவங்ககிட்ட இருந்து எடுத்து தனியா ஒரு எடத்துல வச்சு வளத்துச்சு, அஞ்சுக்கும் ஒரே மாதிரி கவுனு, ஒரே மாதிரி முடி, அதுங்க வெளையாடறதைச் சுத்தி நின்னு பாக்கறதுக்குன்னே கட்டடம், லட்சக்கணக்குல சனம் வந்து பாத்துட்டுப் போச்சு, சோப்புல இருந்து ஓட்ஸ் வரைக்கும் அதுங்க முகத்தைப் போட்டு வித்தாங்க. பெருசானப்பறம் அந்தப் பொண்ணுங்க பட்ட வேதனை கொஞ்சநஞ்சம் இல்ல. 1997ல அமெரிக்காவுல ஒருத்தங்களுக்கு ஒரே பிரசவத்துல ஏழு பொறந்தப்ப, அந்த டியோன் சகோதரிங்கள்ல உசுரோட இருந்த மூணு பேரும் அந்தப் பெத்தவங்களுக்குக் கடிதம் எழுதி, உங்க புள்ளைங்களை வேடிக்கையாவும் விளம்பரமாவும் ஆக்கிறாதீங்கன்னு கெஞ்சினாங்க. அடுத்த வருசம் ஒண்டாரியோ அரசாங்கம் நஷ்டஈடு குடுத்துச்சு. குடுத்து என்ன, போன புள்ளைப் பருவம் வருமா? ஒரு ரீல்ஸுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டாங்க நாத்தனா. புள்ளைங்களை ஜோடியா நிக்க வச்சு வேடிக்கை பாக்கணும்னு தோணுது பாருங்க, அங்கதான் ஆரம்பிக்குது.

நம்ம ஊரு உதாரணம் வேணுமா, ஆற்காடு முதலியார் சகோதரர்கள். 1887ல கர்னூல்ல பொறந்த ரெட்டையர். ராமசாமி முதலியார் வக்கீலாகி, நீதிக்கட்சியோட முன்னணித் தலைவர்கள்ல ஒருத்தராகி, மைசூர் திவானாகி, ஐநா பொருளாதார சமூக மன்றத்துக்கே முதல் தலைவரா உக்காந்தாரு. லட்சுமணசாமி முதலியார் பிரசவ டாக்டரு, அவர் எழுதின பாடப்புத்தகத்தைப் படிச்சுதான் எத்தனையோ டாக்டருங்க பிரசவம் பாக்கக் கத்துக்கிட்டாங்க, மெட்ராஸ் யுனிவர்சிட்டிக்கு 27 வருசம் துணைவேந்தர். ஒரே வயித்துல ஒண்ணாப் பொறந்தவங்க, ஒருத்தர் போன வழிக்கும் இன்னொருத்தர் போன வழிக்கும் சம்பந்தம் உண்டா? ராமாயணத்துலயே பாருங்களேன், சுமித்திரைக்கு லட்சுமணனும் சத்ருக்கனனும் ரெட்டைப் புள்ளைங்கதான், ஆனா ஒருத்தன் ராமன் பின்னாடி காட்டுக்குப் போனான், ஒருத்தன் பரதன் கூட நின்னான். எங்க மாமியார் புரட்டாசி பூரா ராமாயணம் கேக்கறவங்க, இதை எடுத்துச் சொன்னப்ப கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. ஆனா அந்த வாரமே ஒரே மாதிரி ரெண்டு பட்டுப்பாவாடை வந்து எறங்கிருச்சு.

காசு விசயமா எடுக்கறவங்களை நான் குத்தம் சொல்லல. எங்க அம்மாச்சி காலத்துல தீபாவளிக்கு ஒரு பீஸ் துணியா வாங்கி அண்ணன் தம்பிக்கெல்லாம் அதுலயே சட்டை, பொண்ணுங்களுக்கெல்லாம் அதுலயே பாவாடை, டெய்லர் ஒரே வெட்டுல வெட்டிக் குடுத்துருவாரு. அது அன்னைக்கு இருந்த கஷ்டம், வீட்டுல இருந்த எல்லாப் புள்ளைக்கும் அதே துணி, யாரையும் பிரிச்சு நிக்க வச்சு வேடிக்கை பாக்கல. அதே மாதிரி அதுங்களா "அம்மா இன்னைக்கு ரெண்டு பேரும் ஒண்ணு போல போட்டுக்கறோம்"னு வந்து கேட்டா நான் ஒரு நாளும் வேணாம்னு சொன்னதில்ல, எடுத்துக் குடுத்துருக்கேன், போட்டுட்டு சிரிச்சுக்கிட்டே சுத்தும்ங்க. அது அதுங்க இஷ்டம். அதுங்களுக்கு வாய் இருக்கு, கேட்டா சொல்லும்ங்க, யாரும் கேக்க மாட்டேங்கறீங்க, அவ்வளவுதான் என் குமுறலே.

அதனால சொந்தபந்தம் எல்லாருக்கும் சேத்தே சொல்லிடறேன், தப்பா எடுத்துக்கிட்டாலும் பரவாயில்ல. துணி எடுக்கணும்னு ஆசையா இருந்தா ரெண்டு பேரையும் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க, ஆளுக்கு எது பிடிக்குதுன்னு தனித்தனியா கேட்டு எடுங்க, ஒண்ணு முந்நூறு இன்னொண்ணு ஐநூறா இருந்தாலும் அதுங்க சண்டை போடாது, பில்லைப் பாத்து அதுங்களுக்கு என்ன தெரியப் போகுது. கூட்டிட்டுப் போக முடியாதுன்னா துணியே வேணாம், ஆளுக்கொரு கலர் பென்சில் டப்பா வாங்கிக் குடுங்க. நாத்தனா மகன் கல்யாணம் தை மாசம் வருது. அதுக்கு ஒருத்தி பச்சை பட்டுப்பாவாடை, இன்னொருத்தி காட்டன் சுடிதார்னு அதுங்களே முடிவு பண்ணியாச்சு, அட்வான்ஸ் குடுத்து தைக்கவும் குடுத்தாச்சு. மேடையில போட்டோகிராபரோ வேற யாரோ கேட்டா புள்ளைங்களை எதுவும் சொல்ல வேணாம், என்னையக் கூப்பிடுங்க, நான் பேசிக்கறேன்.