பொங்கலுக்குக் கொங்குப் பக்கம் வருகிறீர்களா? தை 2-ஐ விட்டுவிடாதீர்கள்

மார்கழி பிறந்துவிட்டால் போதும், வெளியூர் நண்பர்களிடமிருந்து ஒரே கேள்விதான்: "பொங்கலுக்கு உங்க ஊர்ப் பக்கம் வரலாம்னு இருக்கோம், ஜல்லிக்கட்டு எங்கே நடக்கும்?" அதுதான் வேண்டுமென்றால் மதுரைக்குப் போங்கள். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாளும் வரிசையாக இருக்கிறது. எங்கள் பக்கம் வருவதென்றால் கணக்கே வேறு.

தை முதல் நாள் வாசலில் பொங்கல் வைப்போம், கோவிலுக்குப் போய் வருவோம், அப்புறம் டிவிதான். நோம்பி (பண்டிகை) என்று நாங்கள் மனதில் வைத்திருப்பது மறுநாள் மாட்டுப் பட்டியில் வைக்கும் பட்டிப் பொங்கலை, அதாவது மாட்டுப் பொங்கலை. வாய்க்கால் பாசனம் உள்ள ஊர்களை விட்டால் பாதிக்கு மேல் வானம் பார்த்த மேட்டாங்காடு. சோளமும் கொள்ளும் கைவிட்ட வருசங்களில் வீட்டைத் தாங்கியது மாடும் ஆடும்தான். அதற்கான மரியாதை அன்றைக்கு.

ஆனால் எல்லாரும் தை 1 காலையில் வந்து, மறுநாள் மத்தியானமே பஸ் ஏறிவிடுகிறார்கள். பட்டியில் அடுப்பு மூட்டுவதே பொழுது சாயும் நேரத்தில்தான்!

மத்தியானம் மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடித்து, சந்தையில் வாங்கிய புதுக்கயிறு மாற்றுவார்கள். பட்டிக்குள் மண்ணாலும் சாணியாலும் வரப்புக் கட்டி, முழம் அகலத்துக்கு ஒரு சின்னத் தெப்பக்குளம். அதில் தண்ணீர் விட்டு, ஆவாரம்பூவும் பூளைப்பூவும் போடுவார்கள். பொங்கல் பொங்கி, பூசை முடிந்து, வாழைப்பழம் பிசைந்த பொங்கலை மாடுகளுக்கு ஊட்டுவார்கள். கடைசியில் தட்டைத் தட்டிச் சத்தம் போட்டு, அந்தக் குளத்தை மாட்டை மிதிக்க வைப்பார்கள். மிரண்டு நிற்கும் கன்றுக்குட்டியையும், பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடும் பொடிசுகளையும் பார்க்கவே அவ்வளவு தூரம் வரலாம்.

ரிசார்ட்டில் காசு கட்டிப் பார்க்கும் 'கிராமத்துப் பொங்கல்' எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. கூட வேலை பார்க்கிறவர்களில் ஒருவருக்காவது இங்கே தோட்டம் இருக்கும், கூச்சப்படாமல் கேளுங்கள். "நோம்பிக்கு வந்துட்டுச் சாப்புடாமப் போவீங்களா?" என்று இலை போட்டுவிடுவார்கள். செருப்பை மட்டும் பட்டிக்கு வெளியே விட்டுவிடுங்கள். கறிச்சோற்று ஆசையையும் ஒரு நாள் தள்ளி வையுங்கள். தை 2 திருவள்ளுவர் தினம், கறிக்கடையும் டாஸ்மாக்கும் மூடியிருக்கும்.

தோட்டக்காரர் யாரும் கிடைக்கவில்லையா? உடுமலை, பெதப்பம்பட்டி பக்கம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோவிலுக்குப் போங்கள். மாட்டுப் பொங்கலை ஒட்டி அங்கே திருவிழா. கறந்த பாலைக் குடம் குடமாகக் கொண்டுவந்து சாமிக்கு ஊற்றுவார்கள். மண்ணில் செய்த மாட்டு உருவாரங்களை நேர்ந்துகொண்டு வைப்பார்கள். கோவிலுக்கென்று விட்ட சலங்கை மாடுகளோடு உருமிச் சத்தத்துக்கு ஆடுவதை வேறெங்கும் இப்படிப் பார்க்க முடியாது. கூட்டம் தாங்காது, காலையிலேயே போய்விடுவது நல்லது. பொள்ளாச்சிப் பக்கம் வெப்பக்காற்றுப் பலூன் விடுகிறார்கள் என்றால், குழந்தைகள் கேட்டால் போங்கள். எனக்கு அதில் ஆர்வமில்லை.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாள்தான் என்பதால் நவம்பர் பாதியிலேயே உட்கார வேண்டும். போகிக்கு முந்தின ராத்திரி கிளம்பினால், மறுநாள் வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்து வீடு, பட்டி, விவசாயக் காடு எல்லாம் காப்புக் கட்டுவதையும் பார்த்துவிடலாம். டவுனில் தங்கினால் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். ஆட்கள் ஊருக்குப் போய்விடுவதால் பல மெஸ் பூட்டித்தான் கிடக்கும்.

திரும்புகிற டிக்கெட்டைத் தை 3-க்குப் போடாதீர்கள். அன்றைக்குப் பூப்பறிக்கிற நோம்பி. பெண்பிள்ளைகள் கூட்டமாகக் கிளம்பி, பூப்பறித்து, கும்மியடித்துவிட்டு வருவார்கள். பல ஊர்களில் இது குறைந்துகொண்டே வருகிறது, அதனால் எந்த ஊரில் உண்டு என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தை 4 ராத்திரி வண்டி ஏறினால் சரியாக இருக்கும்.