பக்கி பட்டியல் மாறியது; ஆபத்து நீங்கவில்லை

"ஐரோப்பியப் பக்கியைச் சிவப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள், பிரிட்டனில் இனி அதற்குக் கவலையில்லை" என்று, நைட்ஜார் எனப்படும் அந்த இரவுப் பறவையைப் பற்றி உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதி உண்மை, இரண்டாவது தவறு. பிரிட்டனின் பறவைப் பாதுகாப்புப் பட்டியல்களில் சிவப்பு என்றால் மிகுந்த கவலைக்குரியது; 2015-இல் அது சிவப்பிலிருந்து ஆம்பருக்கு, அதாவது இடைநிலையான மஞ்சள் பட்டியலுக்கு, மாறியது. ஆம்பர் என்றால் இன்னும் கண்காணிப்பு தேவை என்று பொருள். பாதுகாப்பானவை இருப்பது பச்சைப் பட்டியலில்.

எண்ணிக்கை கூடியதும் மெய்தான். இரவில் பாடும் ஆண் பறவைகளை வைத்துக் கணக்கிட்டதில் 1981-இல் சுமார் 2,100, 1992-இல் 3,400, 2004-இல் 4,600. ஆனால் இந்தக் கூடுதல் எங்கே நடந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் தெற்கு இங்கிலாந்தின் புதர்வெளிகளிலும், ஊசியிலை மரங்களை வெட்டிய திட்டுகளிலும்தான். ஸ்காட்லாந்தில் தென்மேற்கு மூலையில் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. பக்கத்து அயர்லாந்தில் இன்றும் அது சிவப்புப் பட்டியலில்தான். அங்கே கூடுகட்டுவதே அபூர்வம்.

வெட்டிய திட்டுகளை நம்பவும் முடியாது. நட்ட கன்றுகள் சில ஆண்டுகளில் நெருங்கி வளர்ந்துவிட்டால் பக்கி அங்கே முட்டையிடாது. வெறுந்தரையில் முட்டையிடும் பறவை அது. நடைக்கு வருபவர்கள் நாயை அவிழ்த்துவிட்டால் தாய் எழுந்து பறந்துவிடும், முட்டை காகத்துக்குப் போகும்.

மே மாதம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து செப்டம்பருக்குள் திரும்பிவிடுகிற பறவைக்கு இந்தச் சில மாதங்கள்தான் இருக்கின்றன. தயவுசெய்து அந்த "கவலையில்லை" என்ற வரியை மட்டுமாவது திருத்துங்கள்.